மருமகள் கலராகிவிட்டாள் என்று நினைத்தோம்

தம்பி,

முதலில் ஒரு அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுவது எனக்கும் மரியாதை. போன மாதம் பெரம்பலூரில் உன் பெண்டாட்டிக்கு ரத்தம் எடுத்தார்கள். மயங்கி விழுந்தவன் நான். ரம்யா கையை நீட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் அந்த ஊசிக்குள் சிவப்பாக ஏறுவதைப் பார்த்ததும் காதுக்குள் மக்காச்சோளக் காட்டில் காற்று வீசுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, கர்ப்பிணிகளுக்கென்று போட்டிருந்த கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். சுற்றிலும் நிறைமாத வயிறுகளாக நின்றன. அதில் ஒரு பெண் தனக்கு வாங்கிவந்த மாதுளை ஜூஸை என் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, "பெரியவருக்கு எத்தனாவது மாசங்க?" என்று கேட்டாள். கட்டிலே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். ரம்யாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் எனக்குக் கோபம் வரவில்லை. பெரியவர் என்றதுதான் இன்னும் உறுத்துகிறது. ஐம்பத்தாறு ஒரு வயதா?

உன் அம்மா போயிருக்க வேண்டிய இடம் அது. அன்றைக்குப் பார்த்து, பிடுங்கிப் போட்ட வெங்காயத்திலிருந்து காய்ந்த தாளை அறுக்க ஆள் விட்டிருந்தாள். ஆள் கிடைப்பதே அபூர்வமாகிவிட்ட காலத்தில் வந்தவர்களை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் என்கிற தகுதியில் நான் அனுப்பப்பட்டேன். சாயங்காலம் நீ சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணியபோது, "எல்லாம் நார்மல்" என்று சொன்னேன். நீயும் நம்பிக்கொண்டாய். இப்போது அம்மாவும் உன் மாமியாரும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று கேட்டு வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். அதற்குப் பதில் போனில் சொல்ல முடியாது, பக்கத்தில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உன்னைப்போலப் பெண்டாட்டியை இங்கே எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டு அக்கரையில் இருக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் வூட்டுக்கு ஒருத்தராவது தேறும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன். ரம்யாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "நான் அழுததை மட்டும் எழுதாதீங்க மாமா" என்றாள். சரி என்றேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி எட்டு. அதுதான் நார்மல் என்று நான் உனக்குச் சொன்னது. பதினொன்றாவது இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிப்போகும், அதனால் நல்ல திடமான பெண்ணுக்கும் அந்த எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது என்றார். பிரசவத்தில் எல்லோருக்கும் ரத்தம் போகும். இருக்கிறவளுக்குப் போனால் தாங்குவாள், இல்லாதவளுக்குப் போனால் என்ன செய்வது? பிரசவத்துக்குள் ஏறவில்லையென்றால் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் கையே வைப்பார்கள் என்றார். இதை அவர் சொன்னபோது நான் கட்டிலை விட்டு எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கட்டிலுக்கே போய்விடலாம் போல இருந்தது.

நீ நினைக்கலாம், உரக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு வெளுத்துப்போனது தெரியாதா என்று. இதைத்தான் நான் இந்த ஒரு மாதமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். விக்கிரமங்கலத்துப் பக்கமிருந்து, அதாவது உன் மாமனார் ஊர்ப் பக்கமிருந்து, கடலை போட்டவர்கள் ஒரு கொத்து இலையை மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். நம் ஊர்க் கடையைத் தேடி அவ்வளவு தூரம் வருகிறார்களே என்று எனக்கு ஒரு கர்வம். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இலை வெளுத்திருந்தால் பையைத் திறந்த உடனேயே சொல்லிவிடுவேன், இரும்பு பத்தவில்லை என்று. கூடவே ஒரு பிரசங்கமும் வைப்பேன்: "உங்க மண்ணுல இரும்பு இல்லாம இல்லைங்க, இருக்கு. அரியலூரு மண்ணு பூரா சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பு, இரும்பைச் செடிக்கு ஏற வுடாது." அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து இலைமேல் அடிக்கச் சொல்லி அனுப்புவேன். நான் இந்தப் பிரசங்கத்தை வைத்துக்கொண்டிருக்கும்போதெல்லாம், அதே ஊர் மண்ணில் வளர்ந்த பெண், எனக்கு மூன்று முழம் தள்ளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து, படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டு. நான் பார்க்கவில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், பார்த்தேன், பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன்.

ஏனென்றால் வீட்டில் எல்லோரும் ரம்யா கலராகிக்கொண்டு வருகிறாள் என்று பேசிக்கொண்டிருந்தோம். மாசமாக இருக்கிற களை என்று உன் அம்மா சொன்னாள். நான் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பக்கத்து வூட்டுக்காரி ஒருத்தி, முகம் இப்படித் தெளிந்தால் பொம்பளைப் பிள்ளைதான் என்றாள். இன்னொருத்தி இல்லை, ஆம்பளைப் பிள்ளைதான் என்றாள். இரண்டு பேரும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நீ மட்டும் என்ன? வீடியோ காலில் அவளைப் பார்த்துவிட்டு, "ஏய், ஃபில்டர் போட்டிருக்கியா, இவ்ளோ வெள்ளையா தெரியுற" என்று நீ கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கடலை இலை வெளுத்தால் நோய் என்கிறோம், பெண் வெளுத்தால் அழகு என்கிறோம். நான் இதைச் சொல்லிச் சொல்லி உன் அம்மாவிடம் திட்டும் வாங்கிவிட்டேன், "என் மருமவ என்ன ஒங்க கடலச் செடியா" என்று.

நாலாம் மாதமே நம் ஊர் சுகாதார நிலையத்தில் ஒன்பது சொச்சம் என்று சொல்லித்தான் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். வாங்கி வைத்ததோடு அந்த வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். மாத்திரை சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்று அவள் இரண்டு நாள் விட்டாள். உன் அம்மா உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். உன் அம்மா பொறுப்பெடுத்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை இரண்டையும் சேர்த்து ஒரே வேலையாகப் போகட்டும் என்று, ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பாலோடு கொடுத்து, விழுங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். காலையில் மறந்துவிட்டால் டீயோடு. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு ஏறாது, பாலோடும் டீயோடும் போட்டாலும் ஏறாது என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதே பாடத்தைத்தான் தம்பி நான் வருஷக்கணக்காக அரியலூர்க்காரர்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன்.

ஏழு புள்ளி எட்டு என்கிற செய்தி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன். அதற்கப்புறம் நம் வாசலுக்கு வராத வைத்தியம் கிடையாது. பீட்ரூட் வந்தது, அத்திப்பழம் வந்தது, பேரீச்சம்பழம் டப்பா டப்பாவாக வந்தது. எனக்கும் ஒரு தத்துவம் தோன்றிவிட்டது, சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தத்துக்கு நல்லது என்று. தர்ப்பூசணி, சிவப்புக் கொய்யா, செவ்வாழை, பன்னீர் திராட்சை என்று சாயம் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஒருநாள் மிளகாய் வற்றலைக்கூட ஒரு நிமிஷம் யோசனையோடு பார்த்தேன். முருங்கைக்கீரையை மட்டும் நான் வாங்கவில்லை. அது பச்சையாக இருந்தது. டாக்டரம்மா எழுதிக்கொடுத்திருந்ததோ முருங்கைக்கீரையும் பயறும் ஈரலும்.

ஈரலில்தான் வந்தது வினை. அது புரட்டாசி. வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டாள் உன் அம்மா. வாலிகண்டபுரத்தில் எனக்கு ஒரு சினேகிதர் இருக்கிறாரே, பூச்சிமருந்து ஏஜென்சி பாய், அவரிடம் சொன்னேன். சுவரொட்டிதான் இதுக்கு மருந்து, ஆட்டு மண்ணீரல், சுட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்தில் கன்னம் சிவந்துவிடும் என்று சொல்லி, அவர் வீட்டம்மாவை விட்டுச் செய்துகொடுத்தார். டிபன் பாக்ஸைக் காரின் சீட்டுக்கு அடியில் வைத்து, களவு நகை கொண்டுவருகிறவன்போல ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைக்குப் பின்னால் குடோனில் ரம்யாவைக் கூப்பிட்டுத் திறந்து காட்டினேன். மூடியைத் தூக்கினதுதான் தாமதம், அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வாசலில் வாந்தி எடுத்தது. வீணாகப் போகக் கூடாதே என்று நானே சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மறுநாளும் பாய் கொடுத்து அனுப்பினார், அதையும் நானே சாப்பிட்டேன். புரட்டாசி முழுக்க நான் விரதம் என்று உன் அம்மா இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டும்போது இந்தப் பத்தியை மட்டும் விட்டுவிடு.

இத்தனைக்கு நடுவில் எனக்கு ஒரு பெருமை மட்டும் குறையவே இல்லை. அது ரம்யாவின் பக்தி. நான் கார்த்திகைக்கும் சஷ்டிக்கும் நம் செட்டிகுளம் முருகன் மலைக்குப் போகிறவன்தானே. "மலைக்குப் போனா விபூதி கொஞ்சம் சேத்தே வாங்கிட்டு வாங்க மாமா" என்று இந்தப் பெண் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கையில் கரும்பை வைத்துக்கொண்டு நிற்கிற முருகனே நேரில் வந்து என் குடும்பத்துக்கு இந்த மருமகளைக் கொடுத்ததாக ஊரெல்லாம் சொன்னேன். சின்னப் பாக்கெட் போய்ப் பெரிய பாக்கெட் ஆனது. குருக்களே, "ஆத்துல என்ன ஹோமம் பண்றேளா" என்று கேட்டுவிட்டார். இந்தக் காலத்துப் பெண்களில் எவளுக்கு இந்தப் பக்தி வரும் என்று உன் மாமியாரிடமே போன் போட்டு மெச்சினேன். அந்தம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. சந்தோஷத்தில் நாக்கு எழவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை பெரம்பலூர் போனபோது டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பூச்சி மருந்து சாப்பிட்டாயா, காட்டில் செருப்பில்லாமல் நடப்பாயா, கல்யாணத்துக்கு முன்னால் மாதா மாதம் எப்படிப் போகும் என்றெல்லாம் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் சுவரில் இருந்த தாய்ப்பால் படத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம், மண், சாம்பல், பல்பம், பச்சரிசி இந்த மாதிரி எதையாவது தின்கிற பழக்கம் உண்டா என்று கேட்டார். போன தடவையும் கேட்டிருக்கிறார், நான் கட்டிலில் கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை, ரம்யா இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். குடும்ப மானம் அல்லவா.

"சேச்சே, அதெல்லாம் எங்க வூட்டுப் பொண்ணு செய்யாதுங்க டாக்டர். சாமி விபூதி மட்டும் நெத்தியில வச்சிக்கிட்டு வாயிலயும் துளி போட்டுக்கும். வாரத்துக்கு ஒரு பாக்கெட்டு நானே வாங்கியாந்து குடுத்துருவேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெத்திக்கு வாரம் ஒரு பாக்கெட்டாங்க ஐயா?" என்றார். நான் ரம்யாவைப் பார்த்தேன். ரம்யா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டவில்லை அவர். அதை உனக்குச் சொல்லியாக வேண்டும். ரத்தம் குறைந்தாலே சிலருக்கு இப்படி ஒரு ஆசை வரும், அது அந்தப் பெண்ணின் குற்றம் இல்லை, ஆனால் தின்னத் தின்ன உள்ளே போகிற கொஞ்ச இரும்பும் ஒட்டாமல் போகும், ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் என்றார். மாத்திரையை நம்பி இனி காத்திருக்க முடியாது, இரும்பைக் குளுக்கோஸோடு சேர்த்து நரம்பு வழியாகவே ஏற்றிவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். அந்த நிமிஷம் மலையும் முருகனும் நான் ஊரெல்லாம் அடித்த தம்பட்டமும் என் கண் முன்னால் வந்துபோயின. மருமகளின் ரத்தத்தைக் குறைக்கிற சரக்கை மாமனாரே மலையேறிப்போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்த வீடு, இந்த ஜில்லாவில் நம் வீடு ஒன்றுதான் இருக்கும்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன், ஏன்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று.

"சொன்னா நிறுத்திருவீங்கல்ல மாமா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே பேசினாள். "முதல்ல வாசத்துக்குத்தான் வாயில போட்டேன். அப்புறம் பசிக்கும்போதெல்லாம் போட ஆரம்பிச்சேன். போட்டுட்டா கொஞ்ச நேரத்துக்குப் பசி தெரியாது."

"பசிச்சா சோத்தைப் போட்டுச் சாப்புட வேண்டியதுதான? யாரு வேணாம்னா?"

"யாரும் வேணாம்னு சொல்லல. நீங்க சாப்புட வர மூணு, மூணரை ஆயிருது. நீங்க சாப்புட்டுத்தான் அத்தை சாப்புடுறாங்க. அத்தை சாப்புடாம நான் எப்படி மாமா தட்டை எடுத்து வைக்கிறது?"

தம்பி, ஆலத்தூர் கேட்டில் திரும்ப வேண்டியவன் நேரே பாடாலூர் வரைக்கும் போய்விட்டேன். கடையில் சாயந்தரம் வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருக்கும். கூட்டம் குறைந்தபின் சாப்பிடப் போகலாம் என்று இருப்பது எனக்கு ஒரு பெருமை, வியாபாரம் அவ்வளவு நன்றாக நடக்கிறது என்று காட்டிக்கொள்கிற பெருமை. மத்தியானம் ரம்யா வீட்டுக்குப் போனபின் எனக்கு இரண்டு வடையும் டீயும் கடைக்கே வந்துவிடும், அதனால் எனக்குப் பசி தெரியாது. நம் வீட்டில் ஆம்பளை சாப்பிட்ட பின்தான் பொம்பளை சாப்பிட வேண்டும் என்று நான் ஒருநாளும் சட்டம் போட்டதில்லை. போடவே வேண்டியதில்லாமல் அது நடந்துகொண்டிருந்தது. உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு என்ன செய்தாள், எதைத் தின்று பசியை அடக்கினாள் என்று அன்றைக்கு ராத்திரி கேட்டேன். "இப்ப கேட்டு என்ன பண்ணப் போறீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மதியம் பன்னிரண்டு அடித்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எனக்குப் பசியே இருக்காது. நான் சாப்பிட்டால்தான் அவர்கள் சாப்பிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். எல்லோரும் சேர்ந்தே உட்காரலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். ரம்யா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைக் கோழி கொத்துவதுபோல நாலு பருக்கை எடுத்தாள். மாமனார் முன்னால் அவளுக்கு இறங்கவில்லை. நான் எழுந்து போனபிறகுதான் சாப்பிட்டாள் என்று உன் அம்மா சொன்னாள். அதனால் என்னால் செய்ய முடிந்த உதவி, சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணுவது என்று ஆகிவிட்டது. வீட்டில் விபூதித் தட்டையும் எடுத்து ஒளித்துவிட்டேன். வெறும் நெற்றியோடு நான் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வேதக் கோயிலில் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கடையும் மத்தியானம் பூட்டியிருக்கிறதா, நான் மதம் மாறி உரக்கடையையும் விற்கப்போகிறேன் என்று செட்டிகுளம் முடிவு கட்டிவிட்டது. ரம்யா மட்டும் அவ்வப்போது சாமி மாடத்துப் பக்கம் போய் நின்று, காலித் தட்டு இருந்த இடத்தை முகர்ந்துவிட்டு வருவாள். நான் பார்க்காததுபோல நியூஸ்பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

இரும்பு ஏற்றுகிற அன்றைக்குத்தான் உன் மாமியார் விக்கிரமங்கலத்திலிருந்து வந்து இறங்கினார், ஒரு தூக்கு நிறைய முருங்கைக்கீரைப் பொடியோடு. மகள் கையில் ஊசியைப் பார்த்ததும் அந்தம்மாவுக்குத் தாங்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்து, "எங்க வூட்டுலேருந்து அனுப்புறப்ப எம்பொண்ணு நல்லாத்தான் இருந்தா சம்பந்தி" என்றார். உன் அம்மா சும்மா இருப்பாளா. "கல்யாணத்தப்பவே வெளுத்துதான் இருந்தா. நாங்கதான் பொண்ணு நல்ல கலருன்னு ஏமாந்துட்டோம்" என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தம்மா பதிலுக்கு விபூதி விஷயத்தை எடுத்தார். வயசுக்கு வந்த நாளிலிருந்து ரம்யாவுக்குப் பல்பம் தின்கிற வழக்கம் உண்டாம், அதை அடித்து நிறுத்தி வைத்திருந்தார்களாம், நாங்கள் கூடை கூடையாகச் சாம்பல் வாங்கிக் கொடுத்து மறுபடி கிளப்பிவிட்டோமாம். நான் போனில் பெருமையடித்தபோது அந்தம்மா ஏன் பேசாமல் இருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்கு உடனே சந்தேகம் வந்திருக்கிறது. சம்பந்தி வூட்டில் சொன்னால் பெண்ணுக்குக் கெட்ட பேர் வரும் என்று வாயை மூடிக்கொண்டுவிட்டார். எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்ததை எங்களிடம் சொல்ல முடியவில்லை. நடுவில் ரம்யா குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க" என்றாள், மெதுவாக. இரண்டு பேரும் வெளியே போய்ப் பேசாமல் இருந்தார்கள். இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் என்று ஆகிவிட்டேன், சொல்லாமல் இருந்தால் வாய் வலிக்கும். தினமும் போனில் "சாப்புட்டியா?" என்று கேட்கிறாயே, அதை விட்டுவிடு. நம் பெண்களுக்கு அந்தக் கேள்விக்குச் சாப்பிட்டேன் என்று ஒரு பதில்தான் தெரியும், பட்டினியாக இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். என்ன சாப்பிட்டாய், எப்போது சாப்பிட்டாய், வேறு யாருக்காகவாவது காத்திருந்தாயா என்று கேள். மாத்திரை போட்டாயா என்று கேட்காதே, எதோடு போட்டாய் என்று கேள். வெள்ளையாக இருக்கிறாய் என்று தப்பித்தவறியும் சொல்லாதே. லீவில் வந்தால் கூட உட்கார்ந்து சாப்பிடு, உன் முன்னால் அவளுக்குச் சோறு இறங்கும். நான் செய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான், உன்னால் முடியும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் சாக்குச் சொல்லப்போவதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், கடையில் கூட்டமாக இருந்திருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் வளைகாப்பு நடந்தது, நீதான் போனில் பார்த்தாயே. உன் அம்மாவும் உன் மாமியாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலேயே இரண்டு பக்கமும் நின்று ரம்யாவுக்கு வளையல் போட்டார்கள். அன்றைக்கே விக்கிரமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரும்பு ஏற்றியபின் ஒரு மாதமாவது கழித்துப் பரிசோதித்தால்தான் நிலவரம் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அங்கே யாருக்குப் பொறுமை இருக்கிறது? போன வாரமே உன் மாமியார் அரியலூரில் ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எட்டு புள்ளி ஐந்து என்று வந்தது.

தம்பி, நீ பார்த்திருக்க வேண்டும். முருங்கைப்பொடி வேலை செய்துவிட்டது என்று அந்தம்மா தெருவில் கேசரி கிண்டிக் கொடுத்தார். தான் விழுங்க வைத்த பேரீச்சம்பழம்தான் காரணம் என்று உன் அம்மா இங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். சுவரொட்டி சும்மா இருக்குமா என்று பாய் போன் பண்ணினார், அதைத் தின்றது யார் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, மத்தியானம் பசியில்லாமல் விழுங்கிய சோறுதான் மருமகள் உடம்பில் ரத்தமாகியிருக்கிறது என்று. ரம்யாவும் போனில் சிரித்தாள், "திருச்சிக்குப் போக வேணாம்ல மாமா?" என்று கேட்டாள். வேண்டாம் போலத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

நேற்று அரியலூருக்கு லோடு இறக்கப் போனபோது, சும்மா இருக்க முடியாமல் அந்த லேபுக்குள் நுழைந்து, முன்பு ஏழு புள்ளி எட்டு, இப்போது எட்டு புள்ளி ஐந்து, இன்னும் எத்தனை நாளில் பதினொன்று ஆகும் என்று கேட்டேன். அங்கே இருந்த பெண், முன்பு பார்த்ததும் இங்கேதானா என்று கேட்டாள். இல்லை, பெரம்பலூரில் என்றேன். "அது வேற மிஷினுங்க, இது வேற மிஷினு. இந்த அளவுக்கு வித்தியாசம் ரத்தம் ஏறாமயே வரும் சார்" என்றாள்.

அப்பா